சக்சஸ்ஃபேக்டர்ஸில் சொந்த ஆப்ஜெக்ட் வடிவமைப்பு: காகிதத்தில் தொடங்கி ஊழியர் பக்கம் வரை

கிரேன் இயக்குபவரின் உரிமம் எந்தத் தேதியில் காலாவதியாகிறது? செவிலியரின் தொழில்முறைப் பதிவை யார் சரிபார்த்தார்கள், எப்போது? மனிதவள மென்பொருளில் பெயருக்கும் பதவிக்கும் சம்பளத்துக்கும் விடுப்புக்கும் இடம் இருக்கும். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு இருக்காது. அதனால் இந்த விவரங்கள் யாரோ ஒருவரின் கணினியில் எக்செல் கோப்பாக வாழ்கின்றன. அவர் வேலையை விட்டுப் போகும் அன்று கோப்பும் தொலைந்துபோகிறது.

எஸ்ஏபி நிறுவனத்தின் மனிதவள மென்பொருளான சக்சஸ்ஃபேக்டர்ஸில் இதற்கான இடத்தை நாமே கட்டிக்கொள்ளலாம். அதற்கான அடித்தளத்தின் பெயர் மெட்டாடேட்டா ஃப்ரேம்வொர்க், சுருக்கமாக எம்டிஎஃப். அதில் நாம் உருவாக்குவது ஜெனரிக் ஆப்ஜெக்ட், அதாவது ஒரே வகைப் பதிவுகளுக்காக நாமே அமைக்கும் தரவு அமைப்பு. பொசிஷன் (பணியிடம்), டைம் ஆஃப் (விடுப்பு) போன்ற மென்பொருளின் சொந்தப் பகுதிகளும் இதே அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே நீங்கள் கட்டும் ஆப்ஜெக்டுக்கும் அவற்றைப் போலவே அனுமதி, விதி, ஒப்புதல், இம்போர்ட் (கோப்பிலிருந்து தரவை ஏற்றுதல்), ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் தரவைப் படிக்கவும் எழுதவும் உதவும் வழி) எல்லாம் கிடைக்கும்.

திரையில் ஆப்ஜெக்டை அமைப்பது அரை நாள் வேலைதான். அதற்கு முன் எடுக்க வேண்டிய இரண்டு முடிவுகளில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது: ஒரு பதிவை எது அடையாளப்படுத்தும், அந்தப் பதிவுக்குக் காலம் எப்படி ஓடும். லேபிளை (திரையில் தெரியும் பெயரை) நாளைக்கு மாற்றலாம், ஃபீல்டை (ஒரு தகவலுக்கான கட்டத்தை) அடுத்த மாதம் சேர்க்கலாம். இந்த இரண்டையும் மட்டும், தரவு சேர்ந்த பிறகு மாற்றுவது வீட்டைக் கட்டி முடித்துவிட்டு அஸ்திவாரத்தைத் தோண்டுவது போல. இந்த வழிகாட்டியில் அவற்றுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். உதாரணமாக, ஊழியர்களின் தொழில் உரிமங்களைப் பதிவுசெய்யும் ஒரு ஆப்ஜெக்டைத் தொடக்கத்திலிருந்து கட்டுவோம்.

ஆப்ஜெக்ட் உண்மையிலேயே தேவையா?

ஒரு ஊழியருக்கு அந்தத் தகவல் எத்தனை இருக்கும் என்று முதலில் கேளுங்கள். சீருடை அளவு ஒன்றுதான் இருக்கும். அதற்கு ஏற்கெனவே உள்ள பகுதியில் ஒரு கூடுதல் ஃபீல்டு போதும். உரிமம் மூன்று இருக்கலாம், ஏழு இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனித் தேதி, தனி ஆவணம் உண்டு. இங்கேதான் ஆப்ஜெக்ட் வேண்டும். கூடுதல் ஃபீல்டில் முடியும் வேலைக்கு ஆப்ஜெக்ட் கட்டினால், அதற்கு அனுமதி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் சோதிக்க வேண்டும், அறிக்கைகளில் தனியாக இணைக்க வேண்டும். அந்தப் பராமரிப்புச் சுமை ஆண்டுக்கணக்கில் கூடவே வரும்.

படி 1: பழைய எக்செல் கோப்பை வாங்கிப் படியுங்கள்

தேவைப் பட்டியலைக் கேட்டுக் கூட்டம் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவேன். தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பேச்சில் சொல்வதைவிட, தாங்களே பராமரிக்கும் கோப்பில் மக்கள் தெளிவாகக் காட்டுகிறார்கள்.

"உரிமம் 1", "உரிமம் 2", "உரிமம் 3" என்று நெடுவரிசைகள் நீண்டால், ஒருவருக்குப் பல பதிவுகள் என்ற உறவு அங்கே ஒளிந்திருக்கிறது. "கனரக வாகனம் - புதுப்பிக்கணும்" என்று ஒரே கட்டத்தில் எழுதியிருந்தால், வகையும் நிலையும் இரண்டு தனி ஃபீல்டுகள். சில கட்டங்களுக்கு மஞ்சள் வண்ணம் பூசியிருந்தால் அது என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த வண்ணம்தான் யாரும் வாய்விட்டுச் சொல்லாத முக்கியமான தகவல்: சரிபார்த்தாயிற்று, அசல் வரவில்லை, வழக்கு நிலுவையில் என்பது போல ஏதாவது இருக்கும்.

அதன்பின் ஒரு தாளில் பெட்டிகளை வரையுங்கள். நம் உதாரணத்துக்கு மூன்று பெட்டிகள் வரும்.

முதல் பெட்டி, உரிம வகை. குறியீடு, பெயர், எத்தனை மாதம் செல்லுபடியாகும், எந்த அமைப்பு வழங்குகிறது, ஆவண நகல் கட்டாயமா என்பவை இதில் இருக்கும். இதில் எந்த ஊழியரும் இல்லை. நிறுவனம் முழுமைக்கும் பொதுவான பட்டியல் இது.

இரண்டாவது, ஊழியரின் உரிமத் தொகுப்பு. ஒரு ஊழியருக்கு ஒன்றே ஒன்று. உள்ளே பெரிதாக எதுவும் இருக்காது. ஒரு கோப்புறையின் மேலட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உரிமம். வகை, எண், வழங்கிய தேதி, காலாவதித் தேதி, சரிபார்ப்பு நிலை, சரிபார்த்தவர், நகல். மேலட்டைக்குள் இருக்கும் தாள்கள் இவை.

மேலட்டை எதற்கு, உரிமத்தை நேரடியாக ஊழியரோடு இணைக்கக் கூடாதா என்று புதிதாக வருபவர்கள் எல்லோருமே கேட்பார்கள். ஊழியரின் சுயவிவரப் பக்கத்தில் ஒரு ஆப்ஜெக்டைக் காட்ட வேண்டுமானால், அதன் எக்ஸ்டர்னல் கோட் ஃபீல்டு, அதாவது பதிவின் அடையாளக் குறியீடு, யூசர் (ஊழியரைக் குறிக்கும்) வகையாக இருக்க வேண்டும். அந்தக் கோட் தனித்துவமானது என்பதால், ஒரு ஊழியருக்கு ஒரு பதிவுதான் அமையும். பல உரிமங்கள் வேண்டுமென்றால், அந்த ஒற்றைப் பதிவின் கீழ் பிள்ளைப் பதிவுகளாகத்தான் அவற்றை அடுக்க முடியும். மேலட்டை அந்த வேலையைத்தான் செய்கிறது.

படி 2: காலத்தை முடிவு செய்யுங்கள்

எம்டிஎஃபில் எஃபெக்டிவ் டேட்டிங் என்ற அமைப்புக்கு நான்கு விருப்பங்கள் உண்டு. நன் என்றால் பதிவுக்குக் கால வரலாறு கிடையாது. இப்போது உள்ளது மட்டுமே இருக்கும். பேசிக் என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தொடக்கத் தேதி. பழைய நிலை அதற்கு முந்தைய காலத்துக்கு அப்படியே நிற்கும், கடைசி நிலையின் முடிவுத் தேதி 9999 டிசம்பர் 31 என்று நீளும். ஒரே நாளில் பல மாற்றங்களை அனுமதிக்கும் மல்டிபிள் சேஞ்சஸ் பெர் டே மூன்றாவது. ஃப்ரம் பேரன்ட் நான்காவது. பிள்ளை ஆப்ஜெக்ட் தன் காலத்தைப் பெற்றோரிடமிருந்து வாங்கிக்கொள்ளும்.

இங்கே நான் செய்த தவறைச் சொல்கிறேன். என் ஆரம்ப காலத் திட்டம் ஒன்றில் உரிமங்களுக்குத் தேதி முக்கியம் என்பதால் மேலட்டையை பேசிக் என்றும், பிள்ளையை ஃப்ரம் பேரன்ட் என்றும் வைத்தேன். அப்போது அது சரியாகவே தோன்றியது. நடந்தது என்னவென்றால், ஒரு ஊழியருக்குப் புதிய உரிமம் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் மேலட்டைக்குப் புதிய காலத்துண்டு உருவானது. அந்தத் துண்டுக்குள் பழைய உரிமங்கள் அனைத்தும் மறுபடி நகலாயின. ஐந்து உரிமங்களை ஐந்து வெவ்வேறு தேதிகளில் சேர்த்தவருக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று மொத்தம் 15 பிள்ளைப் பதிவுகள் சேர்ந்தன. பழைய துண்டில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினால் புதிய துண்டில் பிழை அப்படியே நின்றது. அறிக்கையில் ஒரே உரிமம் பலமுறை வந்தது. கடைசியில் புதிய ஆப்ஜெக்டைக் கட்டி, பழைய தரவை வெளியே எடுத்துச் சுத்தப்படுத்தி மறுபடி ஏற்றினோம். அந்தத் தரவை நம்பி வேலை செய்த மனிதவளக் குழுவினர் பல வாரங்கள் இரண்டு இடங்களில் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

என் பிழை எங்கே என்றால், உரிமத்தின் செல்லுபடித் தேதியையும் பதிவின் நடைமுறைத் தேதியையும் ஒன்றென்று நினைத்தது. காலாவதித் தேதி என்பது உரிமத்தைப் பற்றிய தகவல். அது ஒரு சாதாரணத் தேதி ஃபீல்டு. எஃபெக்டிவ் டேட்டிங் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது: இதே பொருளின் தன்மை காலப்போக்கில் மாறுகிறதா, சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் அது எப்படி இருந்தது என்று யாராவது பின்னாளில் கேட்பார்களா?

உரிம வகையை எடுத்துக்கொண்டால் பதில் ஆம். ஒரு வகையின் செல்லுபடிக் காலம் 36 மாதத்திலிருந்து 60 மாதமாக மாறலாம். மாற்றத்துக்கு முன் வழங்கியவற்றுக்குப் பழைய விதியே பொருந்தலாம். அதற்கு பேசிக் சரி. மேலட்டைக்கும் உரிமத்துக்கும் பதில் "இல்லை" என்பதுதான். புதுப்பித்த உரிமம் புதிய பதிவு, அவ்வளவுதான். இரண்டையும் நன் என்றே வையுங்கள்.

யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற தடம் வேண்டுமே என்ற கவலை நியாயமானது. அதற்கு எம்டிஎஃப் வெர்ஷன் ஹிஸ்டரி என்ற தனி அமைப்பு இருக்கிறது. கம்ப்ளீட் ஹிஸ்டரி என்று தேர்ந்தெடுத்தால் போதும். தணிக்கைத் தடத்துக்காக எஃபெக்டிவ் டேட்டிங்கை இயக்குவது பலரும் செய்யும் பிழை.

படி 3: அடையாளத்தை முடிவு செய்யுங்கள்

மேலட்டைக்கு அடையாளம் ஊழியர். அதில் குழப்பம் இல்லை.

உரிமத்துக்கு உரிம எண்ணையே அடையாளமாக வைக்கும் ஆசை வரும். வேண்டாம். தட்டச்சுப் பிழை ஏற்பட்டால் அடையாளத்தையே திருத்த வேண்டியிருக்கும். இரண்டு அமைப்புகள் ஒரே எண்ணை வழங்கியிருக்கக்கூடும். தொலைந்துபோன உரிமத்துக்கு மாற்று வாங்கும்போது எண் மாறலாம். எக்ஸ்டர்னல் கோடை ஆட்டோ நம்பர் (தானாக எண் கொடுக்கும்) வகையாக்கி, திரையில் தெரியாமல் மறைத்துவிடுங்கள். உரிம எண் பக்கத்தில் ஒரு சாதாரண எழுத்து ஃபீல்டாக இருக்கட்டும்.

உரிம வகைக்குக் குறுகிய குறியீடு கொடுங்கள். துறைப் பெயரையோ வழங்கும் அமைப்பின் பெயரையோ அதற்குள் திணிக்காதீர்கள். அமைப்பின் பெயர் மாறும்போது குறியீடு பொய் சொல்லத் தொடங்கும்.

படி 4: பிக்லிஸ்டா, ஆப்ஜெக்டா?

தேர்வுப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு மதிப்பும் வெறும் பெயராக மட்டும் இருந்தால் பிக்லிஸ்ட் போதும். சரிபார்ப்பு நிலை அப்படிப்பட்டது: நிலுவை, சரிபார்க்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது. மதிப்புக்கென்று சொந்தத் தகவல்கள் இருந்தால் அது தனி ஆப்ஜெக்ட். உரிம வகைக்குச் செல்லுபடி மாதங்கள் இருப்பதால் அதைத் தனியாகக் கட்டுகிறோம். பிக்லிஸ்டை பிக்லிஸ்ட் சென்டரில் முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள். ஆப்ஜெக்டை அமைக்கும்போது அது தயாராக இருக்க வேண்டும்.

படி 5: ஆப்ஜெக்ட் வரையறை

அட்மின் சென்டரில் கான்ஃபிகர் ஆப்ஜெக்ட் டெஃபினிஷன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். கட்டும் வரிசை முக்கியம்: முதலில் உரிம வகை, அடுத்து உரிமம், கடைசியில் மேலட்டை. இணைப்பைப் பெற்றோர் பக்கத்திலிருந்துதான் வரையறுக்கிறோம் என்பதால், பிள்ளை அதற்கு முன்பே இருக்க வேண்டும்.

கோட் கொடுத்துச் சேமிக்கும்போது மென்பொருள் தானாகவே "கஸ்ட்" என்ற முன்னொட்டையும் ஒரு அடிக்கோட்டையும் சேர்க்கும். சேமித்த பிறகு கோடை மாற்ற முடியாது. ஆகவே "டெஸ்ட்2" போன்ற தற்காலிகப் பெயரோடு தொடங்காதீர்கள். அந்தப் பெயர் ஏபிஐயிலும் இம்போர்ட் கோப்பிலும் கடைசிவரை நிற்கும். லேபிள் மட்டுமே மக்கள் பார்ப்பது. அதை எத்தனை மொழியிலும் கொடுக்கலாம், எப்போதும் மாற்றலாம்.

ஃபீல்டுகளைச் சேர்க்கும்போது வகையைக் கவனியுங்கள். தேதிகளுக்கு டேட், நகலுக்கு அட்டாச்மென்ட், நிலைக்கு பிக்லிஸ்ட், சரிபார்த்தவருக்கு யூசர், உரிம வகைக்கு ஜெனரிக் ஆப்ஜெக்ட். உரிம எண்ணை ஸ்ட்ரிங் (எழுத்து) வகையாக வையுங்கள். எண் என்று பெயரில் இருப்பதால் நம்பர் வகை கொடுத்தால், முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். எழுத்து கலந்த எண்ணை ஏற்றவே முடியாது. கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் அது எண் அல்ல.

எல்லா ஃபீல்டையும் கட்டாயமாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டாயமாக்கினால் தரவு முழுமையாக வரும் என்று நிர்வாகம் நம்புகிறது. கையில் தகவல் இல்லாதவர் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுச் சேமிப்பார். காலியான கட்டத்தைப் பின்னர் தேடிப் பிடித்து நிரப்பலாம். புள்ளி வைத்த கட்டம் நிரம்பியதாகவே அறிக்கையில் தெரியும். உரிம வகை, எண், காலாவதித் தேதி மூன்றும் கட்டாயம் என்றால் போதும்.

மேலட்டையைக் கட்டும்போது அதன் எக்ஸ்டர்னல் கோட் ஃபீல்டின் வகையை யூசர் என்று மாற்றுங்கள். பிறகு அசோசியேஷன் (இணைப்பு) பகுதியில் உரிம ஆப்ஜெக்டைச் சேர்த்து, மல்டிப்ளிசிட்டியை ஒன் டு மெனி (ஒன்றுக்குப் பல) என்றும், வகையை காம்போசிட் என்றும் வையுங்கள். காம்போசிட் என்றால் பிள்ளை தனித்து வாழாது. பெற்றோரோடு ஒரே திரையில் திருத்தலாம், பெற்றோரை நீக்கினால் அதுவும் போகும். வேலிட் வென் என்ற இன்னொரு வகை, தனித்தனியே வாழும் இரண்டு ஆப்ஜெக்டுகளைத் தொடர்புபடுத்துவது. இங்கே அது தேவையில்லை.

படி 6: யார் பார்க்கலாம்

அதே வரையறைப் பக்கத்தின் செக்யூரிட்டி பகுதியில் செக்யூர்டு என்பதை யெஸ் ஆக்குங்கள். நோ என்று விட்டால், ரோல் (பொறுப்பு) வழியான கட்டுப்பாடு அந்த ஆப்ஜெக்டுக்குப் பொருந்தாது. அடுத்து பெர்மிஷன் கேட்டகரியைத் தேர்ந்தெடுங்கள். ஆர்பிபி (ரோல் வழி அனுமதி) சப்ஜெக்ட் யூசர் ஃபீல்டில் எக்ஸ்டர்னல் கோட் என்று குறிப்பிடுங்கள். இந்தப் பதிவு யாரைப் பற்றியது என்று மென்பொருளுக்குச் சொல்வது இந்த ஒரு வரிதான். இதைக் காலியாக விட்டால், ஒரு மேலாளர் தன் குழுவினரின் உரிமங்களை மட்டும் பார்க்க வேண்டும் என்ற வரம்பை மென்பொருளால் விதிக்க முடியாது.

அதன்பின் மேனேஜ் பெர்மிஷன் ரோல்ஸ் பக்கத்தில், ஊழியர், மேலாளர், மனிதவளப் பொறுப்பாளர் என ஒவ்வொரு ரோலுக்கும் பார்க்கும் உரிமை, திருத்தும் உரிமை, இம்போர்ட் உரிமை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கொடுங்கள். இம்போர்ட் உரிமையை மிகச் சிலருக்கு மட்டும். ஃபீல்டு அளவிலும் கட்டுப்படுத்தலாம்: ஊழியர் தன் உரிமத்தைப் பதிவிடட்டும், சரிபார்ப்பு நிலையை அவரே மாற்றக் கூடாது.

ஆவண நகல்களில் பிறந்த தேதியும் முகவரியும் புகைப்படமும் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், நோக்கத்துக்குத் தேவையான அளவு தரவை மட்டும் வைத்திருக்கவும், தேவை முடிந்தபின் வைத்திராமல் இருக்கவும் கட்டாயப்படுத்துகிறது. அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், நகல் உண்மையிலேயே வேண்டுமா அல்லது "அசலைப் பார்த்தேன்" என்ற குறிப்பு போதுமா என்று யோசித்து முடிவெடுங்கள்.

படி 7: விதிகள்

கான்ஃபிகர் பிசினஸ் ரூல்ஸ் பக்கத்தில், எம்டிஎஃப் ஆப்ஜெக்டுகளுக்கான சூழலைத் தேர்ந்தெடுத்து விதியை எழுதுங்கள். காலாவதித் தேதி வழங்கிய தேதிக்கு முந்தையதாக இருந்தால் பிழைச் செய்தி காட்டிச் சேமிப்பைத் தடுப்பது முதல் விதி. சரிபார்க்கப்பட்டது என்று நிலை மாறும்போது சரிபார்த்தவர் ஃபீல்டு காலியாக இருக்கக் கூடாது என்பது இரண்டாவது. இந்த இரண்டோடு தொடங்குங்கள்.

விதி வேலை செய்யவில்லை என்று வரும் அழைப்புகளுக்கு அநேகமாக மூன்று காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். விதியை எழுதிவிட்டு ஆப்ஜெக்ட் வரையறையில் இணைக்க மறந்திருப்பார்கள். உரிமத்தின் ஃபீல்டுகளைச் சோதிக்கும் விதியை மேலட்டையில் இணைத்திருப்பார்கள். அல்லது விதியின் தொடக்கத் தேதி இன்றைய தேதியாக இருக்க, அதற்கு முந்தைய தேதியிட்ட பதிவுகள் அதற்குள் வராது. கடைசிச் சிக்கலைத் தவிர்க்கத்தான் அனுபவசாலிகள் 1900 ஜனவரி 1 என்று தொடக்கத் தேதி வைக்கிறார்கள். உரிம வகை போன்ற அடிப்படைப் பதிவுகளுக்கும் அதே தேதி வசதியானது.

படி 8: திரை

மேனேஜ் கான்ஃபிகரேஷன் யுஐ பக்கத்தில் மேலட்டையை அடிப்படை ஆப்ஜெக்டாகத் தேர்ந்தெடுத்து, ஃபீல்டுகளை வரிசைப்படுத்திச் சேமியுங்கள். பின்னர் கான்ஃபிகர் பீப்பிள் ப்ரொஃபைல் பக்கத்தில், எம்டிஎஃப் தகவலுக்கான லைவ் ப்ரொஃபைல் பிளாக்கை இழுத்துவைத்து அந்தத் திரையை இணைத்தால், ஊழியர் பக்கத்தில் உரிமங்கள் தோன்றும்.

படி 9: பழைய தரவை ஏற்றுதல்

இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட் டேட்டா பக்கத்தில் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் மாதிரிக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ஏற்றும் வரிசை கட்டும் வரிசையைப் போல் அல்ல: உரிம வகை, மேலட்டை, அதன்பின் உரிமம். பிள்ளையின் கோப்பில் பெற்றோரின் கோடும் ஒரு நெடுவரிசையாக இருக்கும். பெற்றோர் ஏற்கெனவே இல்லாவிட்டால் அந்த வரி நிராகரிக்கப்படும்.

சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்து மூடினாலே தேதி வடிவம் மாறிவிடலாம், முன் பூஜ்யங்கள் உதிர்ந்துவிடலாம். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில்தான் சேமிக்க வேண்டும், ஏற்றும்போதும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துகளின் இடத்தில் கேள்விக்குறிகள்தான் போய்ச் சேரும்.

ஃபுல் பர்ஜ், இன்க்ரிமென்டல் லோடு என்ற தேர்வில் நிதானமாக இருங்கள். ஃபுல் பர்ஜ் பழையதை அகற்றிக் கோப்பில் உள்ளதை வைக்கும். ஒரு ஊழியரின் ஐந்து உரிமங்களில் ஒன்றைத் திருத்த, அந்த ஒரு வரியை மட்டும் ஃபுல் பர்ஜில் ஏற்றினால் மற்ற நான்கும் போய்விடும். அன்றாடத் திருத்தங்களுக்கு இன்க்ரிமென்டல் லோடு. எதை ஏற்றுவதற்கு முன்பும் இருக்கும் தரவை எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள். முதலில் 10 வரிகளை ஏற்றி, மானிட்டர் ஜாப் பக்கத்தில் முடிவைப் பார்த்து, திரையில் சரிபார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள்.

படி 10: மற்ற மென்பொருள்களோடு இணைத்தல்

பணிமுறைப் பட்டியல் மென்பொருள் உரிமத்தின் காலாவதியை அறிய வேண்டுமானால், ஆப்ஜெக்ட் வரையறையில் ஏபிஐ விசிபிலிட்டியை ரீட் ஒன்லி என்று வையுங்கள். எழுதும் தேவை உறுதியாக இருந்தால் மட்டும் எடிட்டபிள். மாற்றத்துக்குப் பின் ஓடேட்டா ஏபிஐ மெட்டாடேட்டாவை, அதாவது ஏபிஐ வழியே கிடைக்கும் ஃபீல்டுகளின் பட்டியலை, புதுப்பிக்காவிட்டால், புதிய ஃபீல்டுகள் மறுமுனைக்குத் தெரியாது.

வேறு மென்பொருளில் இருப்பவர்களுக்கு

வொர்க்டே என்ற மனிதவள மென்பொருளில் இதற்கு கஸ்டம் ஆப்ஜெக்ட் என்று பெயர். ஊழியருக்கு ஒன்றா பலவா என்பதை சிங்கிள் இன்ஸ்டன்ஸ், மல்டி இன்ஸ்டன்ஸ் என்ற தேர்விலும், காலத்தை எஃபெக்டிவ் டேட்டட் ஆப்ஜெக்டா இல்லையா என்ற தேர்விலும் அங்கே கேட்கிறார்கள். ஆரக்கிளின் கிளவுட் மனிதவள மென்பொருளில் ஃப்ளெக்ஸ்ஃபீல்டு என்ற வழி: ஒற்றை மதிப்புகளுக்கு டிஸ்க்ரிப்டிவ், பல வரிசைகள் கொண்ட தொகுப்புகளுக்கு எக்ஸ்டென்சிபிள். அங்கே அமைத்தபின் டிப்ளாய் செய்யாதவரை திரையில் எதுவும் தெரியாது. திரைகள் வேறானாலும், நீங்கள் தாளில் வரைந்த மூன்று பெட்டிகள் அப்படியே பொருந்தும்.

படி 11: சோதனை, பிறகு நேரடிப் பயன்பாடு

நிர்வாகியாக உள்நுழைந்து பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். ப்ராக்ஸி (வேறொருவராக நுழைந்து பார்க்கும்) வசதியில் நான்கு பேராக மாறிப் பாருங்கள்: உரிமம் வைத்திருக்கும் ஊழியர், அவருடைய மேலாளர், வேறு குழுவின் மேலாளர், சரிபார்க்கும் மனிதவளப் பொறுப்பாளர். வேறு குழுவின் மேலாளருக்கு எதுவும் தெரியக் கூடாது. இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். பிறகு பிழையான தேதி கொடுத்துப் பாருங்கள், அதே உரிமத்தை இரண்டு முறை பதிவிட்டுப் பாருங்கள், வேலையை விட்டுச் சென்ற ஒருவரின் பதிவைத் திறந்து பாருங்கள்.

சோதனைச் சூழலிலிருந்து நேரடிச் சூழலுக்குக் கொண்டுபோகும்போது பிக்லிஸ்ட், ஆப்ஜெக்ட், விதி, திரை என்ற வரிசையைப் பின்பற்றுங்கள். அனுமதி ரோல்களை அங்கே மறுபடி ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். சக்சஸ்ஃபேக்டர்ஸுக்கு ஆண்டுக்கு 2 முறை பெரிய வெளியீடு வரும். ப்ரிவ்யூ (முன்னோட்ட) சூழலுக்கு அது முன்னதாகவே வந்துவிடும். அந்த இடைவெளியில் இதே நான்கு பேராக மறுபடி உள்நுழைந்து, அதே சோதனைகளை முதலிலிருந்து ஓட்டுங்கள்.